கத்தி தீட்டப் பழகப் போகிறீர்களா? முதலில் எதை வாங்குவது, எதை விடுவது

கத்தி தீட்ட எது நல்லது, கல்லா, இழுக்கிற மெஷினா, இல்லை தெருவில் வருகிற சாணைக்காரரிடமே கொடுத்துவிடலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கத்தி? மதுரையில் ஒரு சாதாரண வீட்டு அடுப்படியை எடுத்துக்கொண்டால்கூட மூன்று விதமான இரும்பு கிடக்கும். தக்காளி, வெங்காயம் நறுக்க பிளாஸ்டிக் பிடி போட்ட ஒல்லியான ஸ்டெயின்லெஸ் கத்தி. அம்மா காலத்து அருவாமனை, நுனியில் தேங்காய்த் துருவியோடு. தேங்காய் உடைக்க, முருங்கைக் கிளை கழிக்க, எலும்புக் கறி போட என்று எல்லாவற்றுக்குமாக ஒரு அருவா. அது திருப்பாச்சேத்தியில் அடித்ததாக இருக்கும், அல்லது அப்படிச் சொல்லி நம் தலையில் கட்டியதாக இருக்கும். இப்போது கொஞ்ச காலமாக நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, சமையல் வீடியோ பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்குகிற ஜப்பான் கத்தி.

இந்த நாலுக்கும் பொருந்துகிற ஒரே வழி என்று எதுவும் கிடையாது. ஆனால் தீட்டுவது என்றால் இரும்பைத் தேய்த்து எடுப்பது, எடுத்த இரும்பு திரும்ப வராது என்பது நாலுக்கும் பொது. அதனால் கை பழகும் வரை மெதுவாகத் தேய்க்கிற வழியைத்தான் பிடிக்க வேண்டும். கல்லில் கத்தியைச் சாய்க்கிற கோணம் தப்பினால் அடுத்த பத்து இழுப்பில் சரி செய்துகொள்ளலாம். சாணைச் சக்கரத்தில் தப்பினால் அலகில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் போக வேண்டுமென்றால் மொத்த வாயையும் (வெட்டுகிற விளிம்பை) அந்த ஆழத்துக்குத் தேய்த்தாக வேண்டும், அதாவது ஒரு நிமிஷக் கைத்தவறுக்கு கத்தியின் ஒரு வருஷ ஆயுள் போய்விடும். அரை நிமிஷத்தில் கூர் ஏறும் என்று சொல்லி விற்கிற எந்தச் சாமானையும் நான் இந்தக் காரணத்துக்காகத்தான் தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் கத்தியை ஒரு தடவை பாருங்கள். வாயை மேலே பார்க்கத் திருப்பி, டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால், கூர் இருக்கிற இடத்தில் ஒன்றும் தெரியாது. அவ்வளவு மெல்லிசான விளிம்பில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இல்லை. மொக்கையான இடம் மட்டும் ஒரு வெள்ளிக் கோடாக மினுங்கும். பெரும்பாலான வீட்டுக் கத்திகளில் இந்தக் கோடு நடுப்பகுதியில்தான் இருக்கும், நுனியும் அடியும் புதுசாகவே இருக்கும், ஏனென்றால் நாம் நறுக்குவதெல்லாம் நடுவில்தான். ஆங்காங்கே புள்ளி புள்ளியாக மின்னினால் அது தேய்மானம் இல்லை, விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கியிருக்கிறது. ஸ்டெயின்லெஸ் கத்திகளில் பாதிக்கு மேல் இந்த மடங்கல்தான் கோளாறு. இதற்குச் சக்கரமும் தேவையில்லை, முரட்டுக் கல்லும் தேவையில்லை.

சரி, சாணைக்காரர். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்னால் ஏறி உட்கார்ந்து மிதிக்க, முன்னால் சக்கரம் சுற்ற, தீப்பொறி பறக்க அவர் பிடிக்கிற காலம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தில் நம் தெருக்களில் சத்தம் கேட்கும். இப்போது டிவிஎஸ் வண்டியில் மோட்டார் வைத்துக்கொண்டும் வருகிறார்கள். அவர் கைவேலை மோசமில்லை, ஆனால் அவர் கல் முரடு, காய்ந்த கல், வேகமும் அதிகம். தீப்பொறி என்று நாம் ரசிப்பதெல்லாம் கத்தியிலிருந்து போகிற இரும்புதான். கூடவே சூடு. பதம் பிடித்த எஃகு ஓர் அளவுக்கு மேல் சூடானால் பதம், அதாவது அதன் கடினம், இறங்கிவிடும். வாய் ஓரத்தில் நீல நிறம் ஓடியிருந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம், அப்புறம் அந்த இடத்தில் எத்தனை தடவை கூர் வைத்தாலும் நாலு நாளில் மழுங்கும். ஒல்லிக் கத்தியில் சூடு ஓடி ஒளிய இடமில்லை, அதனால் சீக்கிரம் கெடும். கனமான அருவாவில் சூடு உடம்பு முழுக்கப் பரவிவிடும், அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் ஆகாது.

ஆகவே அருவா, மண்வெட்டி, வாய் நெளிந்துபோன பழைய அருவாமனை, இதெல்லாம் அவரிடம் தாராளமாகப் போகலாம். துருவியின் பல் மழுங்கினாலும் அவரிடமே கொடுங்கள், அதை வீட்டில் ஒவ்வொரு பல்லாக அரம் வைத்து ராவிக்கொண்டு உட்கார யாருக்கும் பொறுமை இருக்காது. கொடுக்கும்போது பக்கத்தில் நின்று, "அண்ணே, ரொம்ப இழுக்காதீங்க, தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார். ஒல்லிக் கத்தியையும் ஜப்பான் கத்தியையும் மட்டும் அவர் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

இழுக்கிற மெஷின் என்று பாத்திரக்கடையில் தொங்குகிறதே, நடுவில் வெட்டு விட்ட பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஆங்கில வி போல இரண்டு கார்பைடு துண்டு நிற்கும். கத்தியை அதில் விட்டு இழுத்தால் அந்தத் துண்டுகள் வாயின் இரண்டு பக்கத்தையும் சுரண்டி எடுக்கும். கூர் வந்த மாதிரி இருக்கும், வந்தும் இருக்கும், ஆனால் அது ரம்பப்பல் போன்ற கூர். தக்காளியை அன்றைக்கு வெட்டும், அடுத்த வாரம் மறுபடி இழுக்கச் சொல்லும். இரும்பும் வீணாகப் போகும். ஹாஸ்டலிலோ பேச்சிலர் ரூமிலோ இருக்கிறீர்கள், ஐம்பது அறுபது ரூபாய்க் கத்தி, கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றால் இதை வாங்குவதில் தப்பே இல்லை. அதற்கு மேல் விலை போட்ட கத்தி எதையும் இதில் விடாதீர்கள். கரண்டில் ஓடுகிற மெஷின் இதன் பெரியண்ணன், அதைப் பற்றித் தனியாகப் பேச ஒன்றுமில்லை.

கறிக்கடையில் பாய் இரண்டு வெட்டுக்கு ஒரு தடவை கத்தியை ஒரு இரும்புக் கம்பியில் சரக் சரக்கென்று உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் அங்கே தீட்டவில்லை, மடங்கின விளிம்பை நிமிர்த்துகிறார், அவ்வளவுதான். முன்பே கூர் இருந்த கத்திக்குத்தான் அது வேலை செய்யும். மொக்கைக் கத்தியை அந்தக் கம்பியில் நாள் முழுக்க உரசினாலும் மொக்கைதான். புதிதாகத் தொடங்குகிறவர் கம்பி வாங்குவதைத் தள்ளிப் போடலாம்.

கத்தியை ஒரு சட்டத்தில் பூட்டி, கோணத்தை நட்டில் முடுக்கி, கல்லை மட்டும் மேலே கீழே ஓட்டுகிற சாதனம் ஒன்று இருக்கிறது. நன்றாகத்தான் தீட்டும், கோணம் தப்பவே தப்பாது. ஆனால் ஒரு வீட்டில் இருக்கிற இரண்டு கத்திக்கு அத்தனை சாமானை எடுத்துப் பூட்டிக் கழற்ற யாருக்கும் கை வராது, பரணில் ஏறிவிடும். அருவாமனை அதில் நுழையவும் நுழையாது.

மிச்சம் இருப்பது கல். இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம்மூர் ஹார்டுவேர் கடையில் கார்பரண்டம் கல் என்று கேட்டால், ஒரு பக்கம் முரடும் மறுபக்கம் நைஸுமாக ஒட்டின சாம்பல் நிறக் கட்டி ஒன்றை எடுத்து வைப்பார்கள். தச்சு வேலைக்காரர்கள் இழைப்புளி அலகு தீட்ட வாங்குவது அதைத்தான். இந்தப் பொருள் பூமியில் தோண்டி எடுத்தது இல்லை, அமெரிக்காவில் ஆச்செசன் என்பவர் 1890-களில் செயற்கை வைரம் செய்யப் போய்க் கைக்கு வந்த சிலிக்கான் கார்பைடு. சென்னையில் முருகப்பா குழுமத்தின் கார்பரண்டம் யுனிவர்சல் 1954-ல் தொடங்கியது, அதனால் இந்தக் கல் நமக்கு ஒன்றும் தூரத்துச் சரக்கு இல்லை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். குறைந்தது ஆறு அங்குலம், முடிந்தால் எட்டு அங்குலம் நீளமாக வாங்குங்கள். விரல் நீளத்துக்குச் சின்னதாக விற்கிற கல்லில் பழக முடியாது, கத்தி பாதி வழியில் கல்லை விட்டு இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஜப்பான் முறைத் தண்ணீர்க் கல் ஆன்லைனில் 1000/6000 என்று ஜோடியாக வருகிறது; எண் கூடக் கூட நைஸ். 1000 நல்ல பக்கம்தான். 6000-க்குப் புதியவருக்கு வேலையே இல்லை. அதுமட்டுமில்லாமல் ரொம்ப வழுவழுப்பாகத் தீட்டின வாய் தக்காளித் தோலில் வழுக்கும், கொஞ்சம் சொரசொரப்பு மிச்சமிருக்கிற வாய்தான் நம் சமையலுக்கு நன்றாகப் பிடிக்கும். வைரத்தூள் பூசின தகடும் கிடைக்கிறது, ஊற வைக்க வேண்டாம், குழி விழாது, ஜப்பான் கத்தி போன்ற கடின எஃகையும் சீக்கிரம் தேய்க்கும். ஆனால் நான் ஏற்கெனவே சொன்ன வேகப் பிரச்சினை இதற்கும் உண்டு, முரட்டுத் தகடாக எடுத்துவிட்டால் கை பழகுவதற்குள் கத்தி இளைத்துவிடும்.

கல்லே வாங்காமல் பழகிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் விற்பார்களே, கறுப்பாக, தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது, அதில் 400 நம்பர் ஒன்று, 1000 நம்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீடு கட்டும்போது மிஞ்சின தரை டைல்ஸ் ஒன்று எல்லா வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும். அதன் வழுவழுப்பான பக்கத்தில் தாளை நனைத்து ஒட்டினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தாளில் இருப்பதும் பெரும்பாலும் அதே சிலிக்கான் கார்பைடுதான். கத்தியை எப்போதும் முதுகுப் பக்கமாக இழுக்க வேண்டும், வாய்ப் பக்கமாகத் தள்ளினால் தாள் கிழியும். தாள் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் காலத்துக்கும் இது கட்டாது. ஆனால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

ஆக என் கணக்கு இது: மாசத்துக்கு ஒரு தடவைகூட உட்கார மாட்டேன் என்பவர் வாட்டர் பேப்பரோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் தினமும் சமையல் நடக்கிறது என்றால் எட்டு அங்குல கார்பரண்டம் கல் ஒன்று. ஜப்பான் கத்தி வைத்திருப்பவர் கூடவே ஒரு 1000 நம்பர் தண்ணீர்க் கல், அதுவும் பழைய கத்தியில் கை நின்ற பிறகு.

இனித் தீட்டுவது. வீட்டிலேயே மலிவான கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லைத் தண்ணீரில் முழுக்கி, நீர்க்குமிழி வருவது நிற்கிற வரை ஊற விடுங்கள். மேடையில் ஈரத் துணியை மடித்துப் போட்டு அதன் மேல் கல்லை வையுங்கள், இல்லையென்றால் கல் நகர்ந்து கை வெட்டும். கல்லுக்குத் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் விட வேண்டாம். சிக்குப் பிடித்துக் கல்லின் கண்ணெல்லாம் அடைத்துவிடும், அப்புறம் தண்ணீரும் ஏறாது. எண்ணெய்தான் விடுவேன் என்றால் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய், அதுவும் ஆரம்பத்திலிருந்தே அதுவாக இருக்க வேண்டும்.

கோணம்தான் எல்லோரையும் பயமுறுத்துவது. சாதாரண அடுப்படிக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரி, ஜப்பான் கத்திக்கு 15. டிகிரியை எப்படிப் பார்ப்பது? ஒரு தாளின் மூலையை எடுத்துப் பாதியாக மடித்தால் 45, இன்னொரு தடவை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த முக்கோணத்தைக் கல்லின் மேல் நிறுத்திக் கத்தியை அதில் சாய்த்துப் பார்த்தால் கைக்கு அடையாளம் தெரிந்துவிடும். இன்னும் சுலபமாகச் சொன்னால், அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள், 20 டிகிரி வந்துவிடும். 4 செ.மீ. அகலக் கத்தி என்றால் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 1.4 செ.மீ. மேலே. கால் பங்கு தூக்கினால் 15. ஒரு டிகிரி கூடக்குறைய இருந்தால் குடி முழுகிவிடாது. முதல் இழுப்புக்கும் கடைசி இழுப்புக்கும் ஒரே சாய்வு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதைச் சோதிக்க வாயோரம் முழுக்க ஒரு மார்க்கர் பேனாவால் கோடு தீட்டிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாயின் கடைசி விளிம்பில் அழிந்திருந்தால் சரி. மேலே மட்டும் அழிந்து விளிம்பில் மிச்சமிருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும்.

வலது கையில் பிடி, இடது கையின் இரண்டு மூன்று விரல் நுனிகள் அலகின் மேல், வாயை ஒட்டி, ஆனால் வாயைத் தாண்டாமல். கல்லின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, போகிற போக்கிலேயே அடியிலிருந்து நுனி வரை கத்தி கல்லைத் தொடும்படி ஓட்டுங்கள். அழுத்தம் வேண்டாம், கல் தின்னட்டும். சாம்பல் நிறத்தில் சேறு கிளம்பும், அதைக் கழுவித் தள்ள அவசரப்படாதீர்கள், அந்தச் சேறும் தேய்க்கும். ஒரு பக்கத்தை மட்டும் இப்படி ஓட்டிக்கொண்டே இருந்து, இடையிடையே மறுபக்கத்தில் கட்டை விரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே தள்ளித் தடவிப் பாருங்கள், வாயோடு நீளமாகத் தடவக் கூடாது. ஒரு கட்டத்தில் விளிம்பில் விரல் மெல்ல மாட்டும். அதுதான் பிசிறு. தேய்ந்த இரும்பு விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் மடிந்து நிற்கிறது. அடியிலிருந்து நுனி வரை இந்தப் பிசிறு ஒரே சீராக வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். புதியவர்கள் தீட்டியும் கூர் வரவில்லை என்று கல்லைக் குறை சொல்வதற்கு முக்காலே மூணு வீசம் காரணம், பிசிறு வருவதற்கு முன்னாலேயே திருப்பித் திருப்பித் தேய்ப்பதுதான்.

மறுபக்கமும் அதேபோல். ரொம்ப மொக்கை, வாய் உடைந்திருக்கிறது என்றால்தான் முரட்டுப் பக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும், மற்றபடி நைஸ் பக்கமே போதும். கடைசியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்கிற மாதிரி, லேசாகப் பத்துப் பதினைந்து இழுப்பு. இதில் பிசிறு தளர்ந்துவிடும். அப்புறம் பீங்கான் கப்பையோ ஊறுகாய் ஜாடியையோ கவிழ்த்துப் பாருங்கள், அடியில் பளபளப்புப் பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். அது நல்ல நைஸ் கல். அதில் பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு இழுத்து முடித்தால், 6000 நம்பர் கல்லுக்குக் கொடுக்க இருந்த காசு மிச்சம். தினசரிக் கத்தி லேசாக மடங்கும்போது நிமிர்த்தவும் இதே கப்பின் அடி போதும். பனை ஏறுகிறவர்கள் பாளை அருவாவை மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டி முகம் மழிக்கிற கூருக்குக் கொண்டுவருவார்கள், நமக்குக் கத்தரிக்காய் நறுக்க அவ்வளவு வேண்டாம்.

கூர் பார்ப்பதற்குத் தீட்டின மரத்திலேயே பதம் பார்க்காதீர்கள், கட்டை விரலிலும் வேண்டாம். ஒரு நாளிதழ்த் தாளை ஒரு கையில் தொங்கவிட்டு மேலிருந்து வெட்டுங்கள். கிழியாமல் இறங்கினால் போதும். நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளியை அழுத்தாமல் வெறும் இழுப்பில் வெட்டினால் அதற்கு மேல் சோதனை இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தாள் சிக்கினால், அந்த இடத்தில் பிசிறு மிச்சம் இருக்கிறது, மறுபடி கப்பின் அடிக்கே போங்கள். முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் காய்கறியில் வைக்க வேண்டும், இரும்புச் சேறு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும்.

அருவாமனைக்கு இந்த முறையை அப்படியே திருப்பிப் போடுங்கள். வளைந்த அலகு கல்லில் உட்காராது, அதனால் மனையைச் சுவரோரம் அண்டக் கொடுத்துக் காலால் மிதித்துக்கொண்டு, ஒரு சின்னக் கல் துண்டை நனைத்துக் கையில் எடுத்து, அலகின் வளைவோடு கீழிருந்து மேலே கொண்டு போங்கள். பெரிய கல் உடைந்துபோனால் தூக்கிப் போடாமல் இதற்கு வைத்துக்கொள்ளலாம். விரல்கள் கல்லின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இரும்பு அலகு என்பதால் ஈரம் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், மாங்காய், எலுமிச்சை நறுக்கினால் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

கல் நடுவில் குழி விழுந்தால் சிமெண்டுத் தரையில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தால் மட்டமாகிவிடும். எத்தனை நாளைக்கு ஒரு தடவை தீட்டுவது என்பது கல்லைவிட நீங்கள் எதன் மேல் வைத்து நறுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ நறுக்குகிற வீட்டில் வாரம் ஒரு தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. கறிக்கடைகளில் புளியமரக் கட்டையை வைத்திருப்பது சும்மா இல்லை. நமக்கு ஒரு மரப்பலகை போதும்.

பல் வைத்த பிரெட் கத்தியை மட்டும் இந்தக் கல் எதிலும் தேய்க்காதீர்கள், பல் மட்டமாகிவிடும். அதற்கென்று ஒல்லியான உருளைக் கம்பி தனியாக விற்கிறது, ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை கேக் வெட்டுகிற கத்திக்கு அதை வாங்குவதற்குப் பதில் கத்தியையே புதிதாக வாங்கிவிடலாம்.